இரண்டு பேருக்கு மூன்று கால்!

"ஸே-னோ!"

ஒரு சிறுவன் குரல் கொடுக்கிறான். அடுத்த நொடி இரண்டு சிறுவர்கள் ஒன்றாகப் புறப்படுகிறார்கள்.

இடம், ஜப்பான் நாட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானம். இன்று விளையாட்டு விழா. மைதானத்தைச் சுற்றிலும் பெற்றோர்கள் கூடியிருக்கிறார்கள். தாத்தாக்களும் பாட்டிகளும் வந்திருக்கிறார்கள்.

ஓடுகிற சிறுவர்களில் ஒருவன் நெட்டை. இன்னொருவன் குட்டை. நெட்டையனின் வலது காலும் குட்டையனின் இடது காலும் கணுக்காலுக்கு மேலே ஒரு துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒருவர் தோள்மீது ஒருவர் கை போட்டிருக்கிறார்கள்.

நெட்டையன் வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன். இன்றும் அப்படியே கால்களை வீசிப் போடுகிறான். நாலாவது அடியில் துணி இழுக்கிறது. குட்டையன் தடுமாறுகிறான். இருவரும் பொத்தென்று மண்ணில் விழுகிறார்கள். மைதானம் முழுவதும் சிரிப்பு!

அவர்களைத் தாண்டி இரண்டு சிறுமிகள் போகிறார்கள். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. அடியும் சின்ன அடிதான். ஆனால் "இச்சி, நி! இச்சி, நி!" என்று இருவரும் சேர்ந்து எண்ணிக்கொண்டே போகிறார்கள். 'ஒன்று, இரண்டு' என்பதுதான் அதற்குப் பொருள். அவர்களே முதலில் கோட்டைத் தொடுகிறார்கள்.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் இந்த விளையாட்டு உண்டு. 'மூன்று கால் ஓட்டம்' என்று சொல்லுவோம். ஜப்பானியர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'நினின் சன்க்யக்கு'.

சின்னப் பிள்ளைகளின் வேடிக்கை விளையாட்டுக்கு வைத்த பெயர் இது. இன்று அந்த நாட்டுப் பெரியவர்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போதும், கடை நடத்துவதைப் பற்றிப் பேசும்போதும், வைத்தியம் பார்ப்பதைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்லைச் சொல்லுகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இந்தச் சொல்லில்?

ஒரு கால் எங்கே போயிற்று?

இந்தச் சொல்லை எழுத ஜப்பானியர் நாலே நாலு எழுத்துக்களைப் பயன்படுத்துகிறார்கள். முதல் எழுத்துக்கு 'இரண்டு' என்று பொருள். அடுத்ததற்கு 'ஆள்'. மூன்றாவதற்கு 'மூன்று'. கடைசி எழுத்துக்குக் 'கால்'. சேர்த்துப் படித்தால், 'இரண்டு ஆள், மூன்று கால்'.

ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்த ஓட்டத்துக்கு உள்ள பெயர்கள் கால்களை மட்டுமே எண்ணுகின்றன. ஜப்பானியப் பெயர் முதலில் ஆட்களை எண்ணுகிறது. பிறகுதான் கால்களுக்கு வருகிறது.

இதிலே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆளுக்கு நாலு கால் இருக்க வேண்டும். மூன்று என்றால் ஒரு கால் குறைகிறது. அந்த ஒரு கால் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. நடுவில் உள்ள இரண்டு கால்களும் ஒன்றாகிவிட்டன. அந்த நடுக்கால் இப்போது இருவருக்கும் சொந்தம். அதைத் தூக்குவதென்றால் இருவரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். தன் இஷ்டப்படி அசைக்க ஒவ்வொருவருக்கும் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கால்தான்.

இருவர் சேர்ந்தால் பலம் இரண்டு மடங்காகும் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். இந்தச் சொல் அப்படிச் சொல்லவில்லை. சேர்வதற்கு ஒரு விலை உண்டு, இருவரும் ஆளுக்கு ஒரு காலின் சுதந்திரத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று இது முதலிலேயே சொல்லிவிடுகிறது. நஷ்டக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுகிற நேர்மையான சொல் இது!

150 ஆண்டுப் பழக்கம்

ஜப்பானில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு 'உந்தோகாய்' என்று பெயர். 1874-ஆம் ஆண்டு டோக்கியோவில் சுகிஜி என்ற இடத்தில் இருந்த கடற்படைப் பள்ளியில் நடந்த விழாவைத்தான் இதன் தொடக்கம் என்று சொல்லுகிறார்கள். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த ஆங்கிலேய ஆசிரியர்கள் இதற்கு வழி காட்டினார்கள்.

அந்த விழாவில் ஓட்டங்களுக்கு அழகான பெயர்கள் வைத்தார்கள். ஒன்றுக்குச் 'சிட்டுக்குருவிக் குஞ்சு கூட்டை விட்டுப் புறப்படுதல்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'தகைவிலான் குஞ்சு பறக்கப் பழகுதல்' என்று பெயர். புதிதாக வந்த விளையாட்டைப் பார்த்து ஜனங்கள் பயப்படாமல் சிரிக்க வேண்டும் அல்லவா?

பிறகு மோரி அரினோரி என்பவர் 1885-ல் ஜப்பானின் முதல் கல்வி மந்திரியானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். விளையாட்டு விழா நாடெங்கும் பரவியது.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியது. அதன் நினைவாக 1966 முதல் அந்த நாள் தேசிய விடுமுறை ஆயிற்று. 2000-ல் அந்த விடுமுறையை அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள்.

விழாவில் பிள்ளைகளைச் சிவப்புக் கட்சி, வெள்ளைக் கட்சி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டு குலத்தார் சண்டையிட்டார்கள். ஒரு குலத்தாரின் கொடி சிவப்பு. மற்றொரு குலத்தாரின் கொடி வெள்ளை. அந்த நிறங்கள்தான் இன்று பிள்ளைகளின் தொப்பியில் இருக்கின்றன. சண்டை போய் விளையாட்டு வந்தது!

இந்த விழாவிலே பிள்ளைகள் கட்டிப் பழகிய முடிச்சுத்தான் பிறகு பெரியவர்களின் பேச்சிலும் புகுந்தது.

எங்கே, எப்படிச் சொல்லுகிறார்கள்?

ஒரு கணவனும் மனைவியும் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைக்கிறார்கள். அவர் அடுப்படியில் நிற்கிறார். அவள் பரிமாறுகிறாள், கணக்குப் பார்க்கிறாள். முப்பது வருஷம் ஓடிவிடுகிறது. அவர்களைப் பற்றி எழுதுகிற பத்திரிகை, 'இருவரும் நினின் சன்க்யக்குவாகக் கடையை நடத்தினார்கள்' என்று எழுதும்.

ஓட்டப்பந்தய வீராங்கனைக்கும் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவருக்கும் இந்தச் சொல் பொருந்தும். படக்கதை வரைகிறவருக்கும் அதைப் படித்துத் திருத்தம் சொல்லுகிற பத்திரிகை ஆசிரியருக்கும் பொருந்தும்.

வைத்தியசாலையிலும் இது கேட்கும். நீரிழிவு போன்ற நோய் ஒரு நாளில் தீருவதில்லை. வைத்தியர் மருந்து எழுதலாம். சாப்பாட்டைக் குறைப்பது நோயாளியின் கையில்தான் இருக்கிறது. ஆகவே, 'இந்த வைத்தியம் நாம் இருவரும் ஓடுகிற மூன்று கால் ஓட்டம்' என்று வைத்தியர் சொன்னால் நோயாளிக்கு உடனே விளங்கிவிடுகிறது. சிறு வயதில் அவரும் மண்ணில் விழுந்து எழுந்தவர்தானே!

இந்தச் சொல்லைப் பாராட்டாகவே சொல்லுவார்கள். ஒரே ஒரு நாள் கை கொடுத்து உதவினால் அதற்கு இந்தப் பெயர் கிடையாது. நீண்ட நாள், ஒரே பாதையில், ஒருவரை விட்டு ஒருவர் போக முடியாதபடி நடந்தால்தான் இது பொருந்தும்.

மூன்று பேர் சேர்ந்தால்? அதற்கும் வழி உண்டு. 'மூன்று ஆள், நாலு கால்' என்று வேடிக்கையாக மாற்றிக்கொள்ளுவார்கள்.

வாய் திறந்த சிலை, வாய் மூடிய சிலை

ஒற்றுமையைச் சொல்ல ஜப்பானியரிடம் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது 'ஆ-உன் மூச்சு'.

ஜப்பானில் பல புத்தர் கோயில்களின் வாசலில் இரண்டு பெரிய காவல் சிலைகள் நிற்கும். ஒன்று வாயைத் திறந்திருக்கும். மற்றொன்று வாயை மூடியிருக்கும். திறந்த வாய் 'ஆ' என்ற முதல் ஒலி. மூடிய வாய் 'உன்' என்ற கடைசி ஒலி. இந்தியாவிலிருந்து புத்த சமயத்தோடு போன எண்ணம் இது. ஒருவர் மூச்சை விடும்போது மற்றவர் இழுப்பதுபோல, பேசாமலே ஒத்துப்போகும் இரண்டு பேரை 'ஆ-உன் மூச்சு உள்ளவர்கள்' என்பார்கள்.

மூன்று கால் ஓட்டம் இதற்கு நேர் எதிர். இங்கே பேசாமல் ஓட முடியாது. "ஸே-னோ!" என்று ஒருவன் சொல்ல வேண்டும். 'தயார், இதோ!' என்பது போன்ற குரல் அது. எந்தக் காலை முதலில் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். ஓடும்போது எண்ண வேண்டும். வேகம் கூடிவிட்டால், "கொஞ்சம் மெதுவாக!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"சொல்லாமலே அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கணவன் கோபிக்கிறான். "கேட்டுத்தான் செய்ய வேண்டுமா?" என்று மனைவி வருந்துகிறாள். இது எந்த ஊரிலும் உள்ள கதைதான். கோயில் வாசலில் நிற்கும் சிலைகள் ஓடுவதில்லை. அவற்றுக்குப் பேச்சு வேண்டாம். ஓடுகிறவர்களுக்குப் பேச்சு வேண்டும்.

கால்கட்டு

தமிழிலும் கல்யாணத்துக்குக் காலைக் கட்டுகிற சொல் ஒன்று உண்டு. பையன் வீட்டில் தங்குவதில்லை, ஊர் சுற்றுகிறான் என்றால் பெரியவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்!"

இந்தக் கால்கட்டு, மேய்ச்சலுக்குப் போன மாடு ஓடிவிடாமல் இருக்கப் போடுகிற கட்டைப் போன்றது. அவனை நிறுத்துவதற்காகப் போடுவது. கட்டின் மறுமுனையில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய காலும்தான் கட்டப்படுகிறது. அதை இந்தச் சொல் எண்ணுவதில்லை. இரண்டு ஆள் இருந்தும், எண்ணப்படுவது ஒருவன் கால் மட்டும்தான்.

ஜப்பானியச் சொல்லிலும் கட்டு இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டு நிற்பதற்காகப் போட்டது அல்ல, ஓடுவதற்காகப் போட்டது. இருவருக்கும் ஒரே அளவு கட்டு. ஒருவர் மட்டும் சுதந்திரமாக ஓடிவிட்டு, "நாங்கள் சேர்ந்துதான் ஓடினோம்" என்று சொல்ல முடியாது.

சொல்லை வாயால் சொல்லுவது சுலபம். 'இருவரும் சேர்ந்து கடை நடத்துகிறோம்' என்பார் ஒருவர். உள்ளே போய்ப் பார்த்தால், விடியற்காலையில் எழுந்து கடை திறக்கிறவள் மனைவி, ராத்திரி பாத்திரம் கழுவுகிறவளும் மனைவி என்று இருக்கும். அது மூன்று கால் ஓட்டம் அல்ல. ஒருவரை ஒருவர் சுமந்து போகும் ஓட்டம்!

ஜப்பானிய மொழியில் 'காலை இழுத்தல்' என்று ஒரு வழக்கு உண்டு. கூட இருப்பவரை முன்னேற விடாமல் தடுப்பது என்று அதற்குப் பொருள். தமிழில் 'காலை வாருதல்' என்பதற்கு அது சொந்தக்காரச் சொல் மாதிரி இருக்கிறது. மூன்று கால் ஓட்டத்தில் கூட்டாளியின் காலை வாரினால் என்ன ஆகும்? வாரியவனும் சேர்ந்தே விழுவான்.

இஞ்சின் செய்தவரும் கணக்குப் பார்த்தவரும்

ஜப்பானில் இந்தச் சொல்லுக்கு உதாரணம் கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருகிற ஜோடி ஒன்று உண்டு.

சோய்ச்சிரோ ஹோண்டா ஒரு கொல்லரின் மகன். 1906-ல் பிறந்தவர். இஞ்சின் என்றால் அவருக்கு உயிர். 1948-ல் மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனியை ஆரம்பித்தார். இஞ்சின் நன்றாக வந்தது. ஆனால் பணம் வசூலிப்பதும் கணக்குப் பார்ப்பதும் அவருக்கு வராது.

1949-ல் தக்கேயோ ஃபுஜிசவா என்பவர் அவரோடு சேர்ந்தார். அவருக்கு இஞ்சின் செய்யத் தெரியாது. விற்பனையும் பணமும் தெரியும். ஹோண்டா தொழிற்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். பண விவகாரம் முழுவதையும் ஃபுஜிசவாவிடம் விட்டுவிட்டார். ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடவில்லை.

ஒரு நாள் துணி இழுத்தது. 1960-களின் கடைசியில் கார் இஞ்சினைக் காற்றால் குளிர வைப்பதா, தண்ணீரால் குளிர வைப்பதா என்று தகராறு. ஹோண்டா காற்றுத்தான் என்று பிடிவாதமாக இருந்தார். இளம் பொறியாளர்கள் தண்ணீர்தான் சரி என்றார்கள். கம்பெனி முதலாளியிடம் யார் போய்ச் சொல்லுவது?

ஃபுஜிசவா போனார். நீங்கள் கம்பெனியின் தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியாளராக இருக்கப்போகிறீர்களா என்று கேட்டார். ஹோண்டா யோசித்தார். தலைவராகவே இருக்கிறேன் என்றார். தண்ணீருக்குச் சம்மதித்தார்.

1972-ல் கம்பெனி புகை குறைந்த ஒரு புதிய இஞ்சினை அறிவித்தது. அது தண்ணீரால் குளிரும் இஞ்சின்! அமெரிக்காவின் கடுமையான புகைச் சட்டத்துக்கு அது தாக்குப்பிடித்தது. உலகமெங்கும் கார் விற்றது.

அடுத்த ஆண்டு, 1973-ல், கம்பெனிக்கு 25 வயது. ஹோண்டாவும் ஃபுஜிசவாவும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். ஒன்றாக ஓடினார்கள். ஒன்றாக நின்றார்கள்.

இதில் யார் வேகமானவர்? ஹோண்டாதான் என்று உலகம் சொல்லும். காரில் இருப்பதும் அவர் பெயர்தான். ஆனால் அந்த வேகமானவர் ஒரு நாள் தம் அடியைச் சுருக்கிக்கொண்டார். அதனால் இருவரும் விழாமல் கோட்டை எட்டினார்கள்.

முப்பது பேருக்கு 31 கால்

இரண்டு பேர் ஓடுவதே கஷ்டம். முப்பது பேர் ஓடினால்?

ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1996-ல் ஒரு போட்டி ஆரம்பமாயிற்று. 2009 வரை நடந்த அந்தப் போட்டியின் பெயர் 'முப்பது ஆள், முப்பத்தொரு கால்'. தொடக்கப் பள்ளியில் ஒரே வகுப்பைச் சேர்ந்த 30 பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவர் காலோடு கால் கட்டப்படும். தூரம் 50 மீட்டர். சுவர் நகருவது போல முப்பது பேரும் ஒரே வரிசையில் ஓடி வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். முப்பது பேருக்கு 60 கால். கட்டிய பிறகு 31. வரிசையின் இரண்டு ஓரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கால் சொந்தம். நடுவில் இருக்கும் 28 பேருக்குச் சொந்தக் கால் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு காலுமே பங்குக் கால்!

வகுப்பில் வேகமாக ஓடுகிறவன் ஒருவன் இருப்பான். மெதுவாக ஓடுகிறவள் ஒருத்தி இருப்பாள். அவளை விட்டுவிட்டுப் போக முடியாது. அவள் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களும் சரிவார்கள். ஆகவே மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும்.

'கிஸுனா' என்னும் கயிறு

விளையாட்டு என்று ஆரம்பித்த இந்தக் கட்டு, சிலருக்கு ஓடுவதற்கே வழியாக இருக்கிறது. அவர்கள் பார்வை இல்லாத ஓட்டக்காரர்கள்.

அவர்களோடு பார்வை உள்ள ஒருவர் பக்கத்திலேயே ஓடுவார். ஜப்பானியர் அவரைப் 'பன்சோஷா' என்பார்கள். 'கூட ஓடுகிறவர்' என்று பொருள். இருவரையும் ஒரு சின்னக் கயிறு சேர்த்திருக்கும். இங்கே காலில் கட்டுவதில்லை. கயிற்றை இருவரும் கையில் பிடித்திருப்பார்கள்.

அந்தக் கயிற்றுக்கு ஜப்பானில் 'கிஸுனா' என்று பெயர். பழைய காலத்தில் மாடு, குதிரைகளைக் கட்டுகிற கயிற்றுக்குத்தான் இந்தப் பெயர். பின்னால் மனிதருக்குள் இருக்கும் பந்தத்துக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பெரும் பூகம்பமும் கடல் கொந்தளிப்பும் வந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த ஆண்டைக் குறிக்கும் எழுத்தாக ஜப்பானிய மக்கள் தேர்ந்தெடுத்தது 'கிஸுனா'தான்.

கூட ஓடுகிறவருக்குக் கடுமையான விதிகள் உண்டு. அவர் வீரரை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வெற்றிக் கோட்டை வீரருக்கு முன்னால் தாண்டவும் கூடாது. தாண்டினால் ஓட்டம் செல்லாது. வளைவு வருகிறது, மேடு வருகிறது, பக்கத்தில் ஆள் வருகிறது என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். வீரரின் அடிக்குத் தம் அடியைப் பொருத்த வேண்டும். தம் கால் ஓய்ந்தாலும் சமாளிக்க வேண்டும். நீண்ட ஓட்டங்களில் பாதி வழியில் இன்னொருவர் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது.

கோட்டுக்கு 2 மீட்டர்!

2024 செப்டம்பர் 8-ந் தேதி. பாரிஸ் நகரம். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் பந்தயத்தின் கடைசி நாள். பார்வைக் குறைவு உள்ள பெண்களுக்கான மாரத்தான் ஓட்டம். தூரம் 42 கிலோ மீட்டருக்கும் மேல்.

ஸ்பெயின் நாட்டு எலேனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் மூன்று நிமிஷத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். வெண்கலப் பதக்கம் நிச்சயம்!

கோட்டுக்கு இன்னும் சுமார் 2 மீட்டர். அப்போது கூட ஓடி வந்தவருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. அவர் சாய்ந்தார். எலேனா சட்டென்று கயிற்றை விட்டார். விழப்போனவரைத் தாங்கிப் பிடித்தார். ஒரே ஒரு கணம்தான். மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் கோட்டைத் தாண்டினார்கள்.

கோட்டைத் தாண்டும்வரை கயிற்றை விடக் கூடாது என்பது விதி. நடுவர்கள் அன்று அவரைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அவருக்கு அடுத்தபடியாக வந்தவர் ஜப்பானைச் சேர்ந்த மிசாத்தோ மிச்சிஷிதா. வெண்கலம் அன்று அவருக்குப் போயிற்று. இருவரும் பழைய போட்டியாளர்கள். 2016-ல் ரியோ நகரில் எலேனா தங்கம் வாங்கினார், மிச்சிஷிதா வெள்ளி வாங்கினார். 2021-ல் நடந்த டோக்கியோ பந்தயத்தில் மிச்சிஷிதா தங்கம் வாங்கினார்.

எலேனா செய்தது சரியா, விதி சரியா என்று உலகமெங்கும் பேச்சு எழுந்தது. விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. கயிறு விட்டுப்போனால் பார்வை இல்லாதவருக்கு ஆபத்து. ஆனால் அன்று விழப்போனவர் பார்வை உள்ளவர். தாங்கியவர் பார்வை குறைந்தவர்! இத்தனை தூரம் யார் யாருக்குத் துணை?

கயிற்றை விட்டதால் அவர் ஓட்டத்தை இழந்தார். கூட்டாளியை விடவில்லை.

வீட்டிலே விளையாடிப் பார்க்க

இந்த ஓட்டத்துக்குப் பணச் செலவு இல்லை. ஒரு துண்டு போதும். அண்ணனும் தங்கையும், அப்பாவும் மகளும் முற்றத்திலேயே விளையாடலாம்.

துண்டைக் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டுங்கள். ரத்தம் ஓடாதபடி இறுக்க வேண்டாம். நழுவும்படி தளர்த்தவும் வேண்டாம். கல்லில்லாத மண்ணிலோ புல்லிலோ விளையாடுங்கள்.

தோளிலோ இடுப்பிலோ ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிய காலை முதலில் எடுப்பதா, வெளிக்காலை எடுப்பதா என்று பேசி முடிவு செய்யுங்கள். முதலில் நடங்கள். பிறகு ஓடுங்கள்.

காலைக் குனிந்து பார்க்காதீர்கள், எதிரே பாருங்கள். "ஒன்று, இரண்டு" என்று இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அது கட்டளை ஆகிவிடும்.

அடியின் நீளத்தை யார் முடிவு செய்வது? சின்னவர்தான். பெரியவரால் அடியைச் சுருக்க முடியும். சின்னவரால் காலை நீட்ட முடியாது.

மறுபடி மைதானத்தில்

விழுந்த இரண்டு சிறுவர்களும் எழுந்துவிட்டார்கள். முழங்காலில் மண். மற்ற ஜோடிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இனிப் பரிசு கிடையாது. துணியை அவிழ்த்துவிட்டு நடந்துபோனாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

நெட்டையன் குனிந்து குட்டையனின் காதில் ஏதோ கேட்கிறான். குட்டையன் தலையை ஆட்டுகிறான்.

"ஸே-னோ!"

இந்த முறை குரல் குட்டையனுடையது. நெட்டையன் பாதி அடிதான் வைக்கிறான். "இச்சி, நி! இச்சி, நி!" கடைசியாக வருகிற அந்த ஜோடிக்கு மைதானம் முழுவதும் கை தட்டுகிறது.

கோட்டுக்கு அப்பால் போய்த் துணியை அவிழ்க்கிறார்கள். இப்போது ஆளுக்கு இரண்டு கால். தங்கள் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நடந்து போகிறார்கள். நெட்டையன் நினைத்தால் நாலு எட்டில் முன்னால் போய்விடலாம். அவன் போகவில்லை.